லிட்ரேச்சர் ரிவ்யூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் கைடு: 23 புத்தகம் போதாதா?

கண்மாய்க்கரை · ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சிவகங்கைப் பக்கம். ப்ராஜெக்ட் தலைப்பு "சிவகங்கை வட்டாரத்தில் கண்மாய்ப் பாசனத்தின் வீழ்ச்சி". வெள்ளிக்கிழமை லிட்ரேச்சர் ரிவ்யூ அத்தியாயத்தை, அதாவது இதே தலைப்பில் முன்பு வந்த நூல்களை அலசும் அத்தியாயத்தை, கொண்டுபோய்க் கொடுத்தேன். 14 பக்கம், 23 நூல்கள். கைடு பத்து நிமிடம் புரட்டினார். முதல் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் "இது நூலகக் கேட்லாக். ரிவ்யூ எங்கே?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குப் பயம்.

ஒரு பத்தியை அப்படியே போடுகிறேன். தப்பு எங்கே என்று யாராவது சொல்லுங்கள்.

"அகர்வால், நாராயண் (1997) ஆகியோர் இந்தியாவின் மரபுவழி நீர்ச் சேகரிப்பு முறைகளைப் பற்றி விரிவாக ஆய்வு செய்துள்ளனர். வைத்தியநாதன் (2001) தென்னிந்திய ஏரிகளைப் பற்றி ஆய்வு செய்துள்ளார். லட்டன் (1985) திருநெல்வேலிச் சீமையின் உழவர் வரலாற்றை ஆய்வு செய்துள்ளார். மோஸ் (2003) சிவகங்கை, ராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களைப் பற்றி ஆய்வு செய்துள்ளார். ஆனால் எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை. எனவே இந்த ஆய்வு அந்த இடைவெளியை நிரப்புகிறது."

இன்னும் எத்தனை நூல் சேர்த்தால் சரியாக இருக்கும்? 40 ஆக்கினால் ஒப்புக்கொள்வாரா?

சும்மா ஒருவன் · ஞாயிறு, இரவு 9.58

எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு இவ்வளவு அலட்டலா? எங்கள் காலத்தில் சீனியர் ஆய்வேட்டை எடுத்து, இரண்டாம் அத்தியாயத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டோம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் அந்த அத்தியாயத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பழைய வாத்தியார் · ஞாயிறு, இரவு 10.20

மேலே பேசியவர் சொல்வது உண்மைதான், அப்படி நடந்ததுண்டு. அந்த ஆய்வேடுகளை இன்று யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

ஏம்மா, உன் பத்தியில் "ஆய்வு செய்துள்ளார்", "செய்துள்ளனர்" என்று எத்தனை முறை வருகிறது, எண்ணிப் பார். நாலு வாக்கியம், நாலு முறை. ஐந்தாவதில் "ஆய்வு செய்யவில்லை". கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு "மாமா வந்தார், சித்தப்பா வந்தார், பெரியம்மா வந்தார்" என்று சொல்வது போல இருக்கிறது. வந்தார்கள் சரி. உள்ளே போய் என்ன பேசினார்கள்? யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகவில்லை? யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் போனார்? அதைச் சொன்னால்தான் கல்யாணத்துக்கு வராதவனுக்கு விஷயம் புரியும்.

நீ பட்டியல் போட்டவர்களுக்குள் பெரிய சண்டை ஒன்று இருக்கிறது. 1997 நூல், ஊரார் கையில் நன்றாக நடந்துகொண்டிருந்த நீர்நிலைகளை ஆங்கில ஆட்சி வந்து குலைத்தது என்று பேசுகிற பக்கம். மோஸ் அதற்கு நேர் எதிர். ஊர் தானாகக் கூடிக் காத்தது என்ற சித்திரமே பின்னால் வரையப்பட்டது, கண்மாய் எப்போதும் அரசர், பாளையக்காரர், கோயில், கொடை என்று அதிகாரத்தோடு சேர்ந்தே இருந்தது என்கிறார். குடிமராமத்து, அதாவது ஊராரே கூடிக் கண்மாயைப் பழுதுபார்ப்பது, ஊரின் ஆதிகால வழக்கம் என்று காலனி அரசு அடித்துச் சொன்னதற்கு, செலவை ஊரார் தலையில் கட்டும் எண்ணமும் ஒரு காரணம் என்கிறார். இந்த இரண்டு நூலையும் நீ அடுத்தடுத்த வரியில் வைத்திருக்கிறாய். இரண்டுக்கும் இடையில் ஒரு "ஆனால்" கூட இல்லை.

40 ஆக்காதே. 23ஐ 9 ஆக்கு.

கண்மாய்க்கரை · ஞாயிறு, இரவு 10.41

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மோஸ் நூலை முழுதாகப் படிக்கவில்லை. முன்னுரையும், வேறொரு ஆய்வேட்டில் அவரைப் பற்றி எழுதியிருந்ததும்தான் படித்தேன். நூல் எங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை.

பார்மா பாண்டி · திங்கள், காலை 7.15

நான் பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கண்மாய்க்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் "வேறொருவர் எழுதியதில் படித்தேன்" என்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் போதை கலந்த வலிநிவாரணி ஒரு முறையாவது கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததாகவும், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர் மட்டுமே தெளிவாக அடிமையானதாகவும் அதில் இருந்தது. அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

2017இல் அதே இதழில், இந்தக் கடிதத்தை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதினார்கள். 608 மேற்கோள்கள். அதில் 439 பேர், அடிமைப் பழக்கம் அரிது என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டியிருந்தார்கள். 491 பேர் அந்த நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. ஐந்து வாக்கியம் அம்மா, படிக்க ஒரு நிமிடம் ஆகாது. அமெரிக்காவில் அந்த மாத்திரைகளால் எத்தனை குடும்பம் அழிந்தது என்று செய்தியில் பார்த்திருப்பாய். கடிதம் ஒன்றால் மட்டும் வந்த வினை இல்லை. ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

என் மாணவர்களிடம் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். அப்புறமும் பாதிப் பேர் அப்ஸ்ட்ராக்ட்டை (கட்டுரைச் சுருக்கத்தை) மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள், அது வேறு விஷயம்.

நூலக மேசை · திங்கள், காலை 10.05

மூல நூலைத் தேடுவது பற்றி நான் சொல்கிறேன். நூலகத்தில் வேலை. தினமும் உங்களைப் போல நாலு பேர் வருகிறார்கள்.

முதலில் மோஸ். புத்தகம் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். இதே கருத்துகளைக் கட்டுரைகளாகவும் எழுதியிருக்கிறார். 1997இல் டெவலப்மெண்ட் அண்ட் சேஞ்ச் இதழில் ஒன்று, 1999இல் மாடர்ன் ஏஷியன் ஸ்டடீஸ் இதழில் ஒன்று. இரண்டாவதுதான் குடிமராமத்தைப் பற்றி நேராகப் பேசுவது, அதை முதலில் படிக்கலாம். கல்லூரிக்குச் சந்தா இல்லையென்றால் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் ஒன்றும் அவமானம் இல்லை. அனுப்பி வைக்கிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, தேடும் சொல். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் என்ன போட்டுத் தேடினீர்கள்?

கண்மாய்க்கரை · திங்கள், காலை 10.30

"கண்மாய்" என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன் அக்கா. "குடிமராமத்து" என்றும் அடித்தேன். ரொம்பக் கொஞ்சம்தான் வந்தது.

நூலக மேசை · திங்கள், காலை 11.10

அதுதான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கண்மாய், ஏரி, குளம், ஏந்தல், தாங்கல் எல்லாமே ஒரே "டேங்க்". கண்மாயையே சிலர் கடைசியில் "ஏ ஐ" போட்டும் சிலர் "ஓ ஐ" போட்டும் எழுதுவார்கள். குடிமராமத்து இன்னும் மோசம். பழைய அறிக்கைகளில் வெறும் "டி"யோடு முடியும், பின்னால் வந்தவர்கள் "டி எச்" சேர்த்தார்கள், இப்போதைய அரசு அறிவிப்புகளில் அதற்கும் மேல் ஒரு "யு". நீங்கள் ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் மற்ற இரண்டு காலமும் கண்ணில் படாது.

ஊர்ப் பெயரும் அப்படியே. ராமநாதபுரம் என்று தேடினால் 1950க்கு முந்தியது பாதி வராது. அப்போது அது "ராம்நாட்". மதுரை "மதுரா", திருநெல்வேலி "டின்னவேலி", தஞ்சாவூர் "டஞ்சூர்". ஒரு தாளில் இந்த மாற்று வடிவங்களை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒரு மாலை நேரம் போகும். பரவாயில்லை.

அப்புறம் முன்னும் பின்னுமாகத் தேடுவது. கடைசியாக வந்த நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து அதன் துணைநூல் பட்டியலைப் பாருங்கள், அது பின்னோக்கிப் போகும் வழி. அதே கட்டுரைக்குக் கீழே கூகுள் ஸ்காலரில் "இதை மேற்கோள் காட்டியவை" என்று ஒரு இணைப்பு இருக்கும், அது முன்னோக்கி. நாலைந்து கட்டுரைக்கு இப்படிச் செய்தால் திரும்பத் திரும்ப அதே பெயர்கள் வர ஆரம்பிக்கும். புதுப் பெயர் வருவது நின்றால் நீங்களும் தேடுவதை நிறுத்தலாம்.

தமிழில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஏராளம் இருக்கின்றன. அவற்றைத் துணைநூல் பட்டியலுக்காகப் பாருங்கள். அவற்றில் இருக்கும் லிட்ரேச்சர் ரிவ்யூவைப் பார்த்து எழுதாதீர்கள். "ஆய்வு செய்துள்ளார்" நோய் அங்கிருந்துதான் பரவுகிறது.

அரைகுறை ஆய்வாளன் · திங்கள், இரவு 8.30

பிஎச்.டி. நாலாம் வருஷம். ஆகவே பெயர் பொருத்தம்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர்தான் என்று நினைக்கிறேன். "இலக்கிய மீளாய்வு" என்று யாரோ மொழிபெயர்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் நான் அந்த அத்தியாயம் எழுதுவதாகச் சொன்னபோது அம்மா "சிலப்பதிகாரமா?" என்று கேட்டார். தமிழ்த்துறைக்காரர்கள் "ஆய்வு முன்னோடிகள்" என்பார்கள். அது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முன்னோடி என்றதும் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு நகரத் தோன்றுகிறது. குறை சொல்ல வாய் வருவதில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு எக்செல் தாள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை. கட்டங்களில் எழுதுவது: எந்த ஊர், எந்தக் காலம், என்ன சான்றை வைத்துப் பேசுகிறார் (கல்வெட்டா, கலெக்டர் ஆபீஸ் கடிதமா, ஊரில் உட்கார்ந்து கேட்டதா), யாரை மறுக்கிறார், என் கேள்விக்கு என்ன சொல்வார். கடைசிக் கட்டம்தான் கஷ்டம். அது காலியாக இருந்தால் அந்த நூல் ரிவ்யூவுக்கு வேண்டாம் என்று அர்த்தம். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வெளியே.

தாள் நிறைந்த பிறகு வரிசையாகப் படிக்காமல் மேலிருந்து கீழாகப் படி. "என்ன சான்று" என்ற கட்டத்தை மட்டும் கீழே இறங்கிப் படித்தால் திடீரென்று ஒன்று தெரியும். எனக்குத் தெரிந்தது, எல்லோரும் ஒரே இரண்டு அறிக்கையைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது.

துணைநூல் விவரங்களைச் சேர்த்து வைக்க ஜோட்டெரோ என்ற மென்பொருளைப் போடு. இலவசம். கடைசி ராத்திரியில் பக்க எண் தேடி அழுதவன் சொல்கிறேன்.

கண்மாய்க்கரை · செவ்வாய், இரவு 9.05

மாடர்ன் ஏஷியன் ஸ்டடீஸ் கட்டுரை கிடைத்துவிட்டது! இரண்டு நாளாக அகராதியோடு உட்கார்ந்து படித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 23இல் மூன்று நூல்கள் ஏஐ சாட்பாட் கொடுத்தவை. அதில் ஒன்றை எங்கேயும் காணோம். ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம், பக்க எண் எல்லாம் கொடுத்திருந்தது. அக்கா, கொஞ்சம் பார்க்க முடியுமா?

நூலக மேசை · புதன், காலை 10.20

நீங்கள் தனியே அனுப்பியதைத் தேடினேன். அப்படி ஒரு நூலே இல்லை. அந்த ஆசிரியர் உண்டு, அந்தப் பதிப்பகம் உண்டு, ஆனால் அவர் அந்தத் தலைப்பில் எதுவும் எழுதவில்லை. இன்னொன்றில் கட்டுரை உண்மை, ஆண்டு தப்பு. மூன்றாவது சரி.

நீங்கள் மட்டும் மாட்டவில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார்கள். அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இவற்றுக்கு நூல் பட்டியல் என்பது ஒரு வாக்கிய வடிவம், அவ்வளவுதான். அந்த வடிவத்தில் பொருந்துகிற மாதிரி சொற்களை அடுக்கிக் கொடுத்துவிடும்.

சும்மா ஒருவன் · புதன், காலை 11.02

அப்படியானால் ஏஐ பக்கமே போகக் கூடாதா? எல்லோரும் அதில்தான் எழுதுகிறார்கள்.

அரைகுறை ஆய்வாளன் · புதன், மதியம் 1.40

போகலாம். புரியாத ஆங்கிலப் பத்தியை எளிமையாக்கச் சொல்லி நானே கேட்கிறேன். தேடும் சொற்களின் மாற்று வடிவங்களைக் கேட்கலாம். ஆனால் அது சொன்ன ஒரு நூலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதே. கல்லூரி இதை அனுமதிக்கிறதா என்று கைடிடமும் கேட்டுக்கொள்.

இதோடு எழுத்துத் திருட்டுப் பேச்சையும் முடித்துவிடுகிறேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் போனால் படிப்படியாக நடவடிக்கை உண்டு. பலர் இதை "10 சதவீதம் வரை எடுக்கலாம்" என்று படிக்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சபலம் உண்டு. ஆங்கிலப் பத்தியை அப்படியே தமிழாக்கிப் போட்டால் மென்பொருள் எளிதில் பிடிக்காது. அதுவும் திருட்டுதான். உன் கைடு ஆங்கில மூலத்தைப் படித்தவராக இருந்தால் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார், வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும்.

வன்னிக்குளம் · புதன், இரவு 9.50

வணக்கம் தங்கச்சி. நான் வவுனியாப் பக்கம். எங்களுக்கும் குளம்தான் வாழ்க்கை. ஒரு கேள்வி: சிவகங்கையைப் பற்றி மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? எட்மண்ட் லீச் 1961இல் புல் எலிய என்ற சிங்களக் கிராமத்தைப் பற்றி எழுதிய நூலைப் பாருங்கோ. எங்கட பக்கத்து வடமத்திய மாகாணம்தான். ஒரு குளத்துக்குக் கீழே வயல் எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ, அதை ஒட்டியே சொந்தபந்தமும் ஓடுகிறது என்று காட்டுவார். உங்கட ஊரில் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் போகும் என்று கேட்டால் அந்த நூல் உங்களுக்கு உதவும். கேட்காவிட்டால் உதவாது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் வலைத்தளம் இருக்கிறது, 2005 முதல் இயங்குகிறது, எல்லாம் இலவசம்.

கண்மாய்க்கரை · வியாழன், இரவு 8.15

வன்னி அண்ணா, யாருக்கு முதல் தண்ணீர் என்றதும் தாத்தாவிடம் போய்க் கேட்டேன்.

எங்கள் ஊரில் மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விடுகிறவரை நீர்பாய்ச்சி என்பார்கள். அறுவடையில் அவருக்கு நெல் உண்டு. தாத்தா சொன்னது: கடைசி நீர்பாய்ச்சியின் மகன் பத்தாவது படித்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு அனுப்பியதற்கு, "எங்கப்பா உங்க வயலுக்குக் கைகட்டி நின்னது போதும்" என்றாராம். அதற்கப்புறம் மடையை அவரவர் திறந்தார்கள். சண்டை வந்தது. வசதி இருந்தவர்கள் கிணறு வெட்டிக்கொண்டார்கள்.

என் 23 நூலில் வீழ்ச்சிக்குக் காரணமாக இதை யாரும் சொன்னதாக நினைவில்லை. இதுதான் நான் தேடிய இடைவெளியோ?

பழைய வாத்தியார் · வியாழன், இரவு 9.30

தாத்தாவுக்கு என் வணக்கம். நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாய். ஆனால் அவசரப்படாதே. ஒடுக்கப்பட்ட சாதியார் ஊர் ஊழிய வேலைகளை விட்டு விலகியதை மோஸ் பேசியிருக்கிறார். நீ கட்டுரையைத்தான் படித்தாய். நூலில் அந்தப் பகுதியைத் தேடிப் படி. "யாரும் சொல்லவில்லை" என்று எழுதிவிட்டு வைவாவில் மாட்டிக்கொள்ளாதே. முன்னால் ஒருவர் நடந்த தடம் இருப்பதில் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் பார்த்த ஊரில் நடந்தது உன் ஊரிலும் அதே மாதிரி நடந்ததா என்று கேட்கலாமே.

உன் முதல் பத்தியின் கடைசி வரியை அடித்துவிடு. எங்கள் ஊர்க் கண்மாயை யாரும் ஆராயவில்லை என்பது இடைவெளி ஆகாது. என் வீட்டுக் கொல்லைக் கிணற்றையும்தான் யாரும் ஆராயவில்லை.

இப்போது திருத்தி எழுதியதைப் போடு, பார்ப்போம்.

கண்மாய்க்கரை · சனி, மாலை 6.20

எழுதிவிட்டேன். நாலு முறை கிழித்துப் போட்டேன்.

"கண்மாய்கள் ஏன் கெட்டன என்பதற்கு மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. ஊரார் தாமே காத்துவந்ததை ஆங்கில ஆட்சியும், உழவரிடமே நேராக வரி வாங்கும் அதன் ரயத்துவாரி முறையும் குலைத்தன என்பது முதல் விடை (அகர்வால், நாராயண் 1997). அந்த ஊர்த் தன்னாட்சியே பெருமளவு பிற்காலச் சித்திரம் என்று மோஸ் (1999) மறுக்கிறார். 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் மராமத்துக்கு வராவிட்டால் தண்டிக்க வழி செய்தது. தானாக நடந்த வழக்கத்துக்குச் சட்டம் எதற்கு என்ற கேள்வியை அது எழுப்புகிறது. வேளாண் பொருளியல் ஆய்வுகள் இந்த இரண்டு பக்கமும் சேராமல், கிணறும் பம்புசெட்டும் பெருகியபோது கண்மாய் மீது அக்கறை குறைந்தது என்கின்றன. மூன்று விடைகளிலும் மடையில் நின்று தண்ணீர் பங்கிட்டவர் பின்னணியில்தான் இருக்கிறார். அவர் விலகிய பிறகு பங்கீடு எப்படி மாறியது என்பதை இந்த ஆய்வு ஒரு கண்மாயை வைத்துப் பார்க்கிறது."

அரைகுறை ஆய்வாளன் · சனி, மாலை 6.45

ஆகா. இது என் இரண்டாம் அத்தியாயத்தைவிட நன்றாக இருக்கிறது. பொறாமையோடு சொல்கிறேன்.

1858 சட்டத்தை நீ கேள்வியாகத் திருப்பியது அருமை. ஆனால் எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்றும் ஒரு வரி வேண்டும். வழக்கம் இருந்தது, ஆங்கில ஆட்சியில் அது தளர்ந்ததால்தான் சட்டம் போட வேண்டி வந்தது என்று அவர்கள் சொல்லலாமே. அதே சட்டத்தை இரண்டு பேரும் தங்கள் பக்கத்துக்கு இழுக்கலாம்.

பழைய வாத்தியார் · சனி, இரவு 8.10

நன்று. இப்போது என் முறை.

"ரயத்துவாரி வரிமுறை குலைத்தது" என்று எழுதியிருக்கிறாய். உன் ஊர் எங்கே இருக்கிறது அம்மா? சிவகங்கை ஜமீன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிரந்தரத் தீர்வையின் கீழ், அதாவது ஜமீன்தார் கட்ட வேண்டிய வரியை மாறாமல் நிர்ணயித்த ஏற்பாட்டின் கீழ், இருந்த பூமி. அங்கே அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் ஜமீன்தார் உட்கார்ந்திருந்தார். 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த நிலம் ரயத்துவாரி ஆயிற்று. ஆகவே வேறு மாவட்டத்துக்காகச் சொன்ன காரணத்தை உன் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. கண்மாயை யார் மராமத்துப் பார்த்தது? ஜமீனா, ஊரா? 1948க்குப் பிறகு பொதுப்பணித்துறைக்குப் போனதா, பஞ்சாயத்துக்குப் போனதா?

அதேபோல நீ படித்த ஒவ்வொரு நூலும் எந்தெந்த மாவட்டத்தை வைத்துப் பேசுகிறது என்று அந்த எக்செல் கட்டத்தில் பார். ரயத்துவாரி எத்தனை, ஜமீன் எத்தனை என்று எண்ணு. எண்ணிய பிறகுதான் "பெரும்பாலும்", "பொதுவாக" போன்ற சொற்களை எழுத உனக்கு உரிமை.

உன் கைடு இதைக் கேட்கவில்லை என்றால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்பார்.

சும்மா ஒருவன் · சனி, இரவு 8.32

வாத்தியாரே, உங்களிடம் நான் படித்திருந்தால் பாஸாகியிருக்க மாட்டேன்.

பழைய வாத்தியார் · சனி, இரவு 8.40

பாஸாக்கியிருப்பேன். இரண்டு முறை எழுத வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

கண்மாய்க்கரை · செவ்வாய், இரவு 9.15

எண்ணிவிட்டேன் ஐயா. 23இல் இப்போது 11 மீதி. அதில் ஜமீன் பகுதியை நேராகப் பேசுகிறவை மூன்று. மற்ற எட்டும் ரயத்துவாரி மாவட்டங்கள், அல்லது தென்னிந்தியா முழுவதையும் சேர்த்துப் பேசுகிறவை. இதையே ஒரு தனிப் பத்தியாக எழுதி, ரயத்துவாரி வரியை அடித்துவிட்டு, இன்று கைடிடம் கொடுத்தேன். இந்தத் தடவை உட்கார வைத்துப் பேசினார். 14 பக்கம் 8 ஆனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா சொன்னதைப் பேட்டியாக முறைப்படி பதிவு செய்யச் சொன்னார். திருப்பூரில் இருக்கும் அந்த மகனிடமும் பேசச் சொன்னார், தாத்தா சொன்னது ஊர்ப் பெரியவர்கள் பக்கத்துக் கதைதான் என்பதால்.

எட்டாம் பக்கத்தில் மட்டும் சிவப்பு மை. ஜமீன் காலத்தில் மராமத்துச் செலவை யார் ஏற்றார்கள் என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் "ஆதாரம்?" என்று இருக்கிறது. ஜமீன் காலக் கணக்குகள் எங்கே கிடைக்கும்?

நூலக மேசை · புதன், காலை 10.00

எழும்பூர் ஆவணக் காப்பகம். வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் தொடங்குங்கள், எஸ்டேட் தகராறுகள் அங்கேதான் நிறைய வரும். அட்டவணையைப் பார்த்து எண் எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை, இரண்டு புகைப்படம் கையில் இருக்கட்டும். ஒரே நாளில் முடியும் என்று நினைத்துத் திரும்பி வர டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பழைய தாள், தூசி இருக்கும். மூக்குக்கு ஒரு கைக்குட்டை.